பர்மா தேக்கு வாங்கியவர்களுக்கு ஒரு கையேடு

பழைய மரச்சாமான் ஒன்றை வாங்கி, தானே தேய்த்து மெருகேற்றிக் கூடத்தில் போட வேண்டும், வருகிறவர்கள் "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்கும்போது "சும்மா, நானே பண்ணினதுதான்" என்று அலட்சியமாகச் சொல்ல வேண்டும். இந்த ஆசை இப்போது பலரையும் பிடித்து ஆட்டுகிறது. கைபேசியில் ஒன்றரை நிமிடக் காணொளி ஓடுகிறது. ஒரு பெண்மணி உளுத்துப்போன மேஜையை இரண்டு முறை துடைக்கிறார். மூன்றாவது காட்சியில் அது அரண்மனைச் சாமான் ஆகிவிடுகிறது. இடையில் வெட்டி எடுக்கப்பட்ட காட்சிகளை நிரப்பத்தான் இந்தக் கையேடு. சொன்ன வரிசைப்படி செய்து வந்தால் பலன் நிச்சயம். என்ன பலன் என்பது போகப் போகத் தெரியும்.

படி 1: பொருளைத் தேர்ந்தெடுத்தல்

சென்னைவாசிகளுக்கு முன்பு மூர் மார்க்கெட் இருந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1900-ல் திறந்த அந்தச் சந்தை 1985-ல் தீக்கிரையானது. பழைய சாமான் மோகத்தை மட்டும் அந்தத் தீயால் ஒன்றும் செய்ய முடியவில்லை; அது வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரம் சந்தைக்குக் குடிபோய்விட்டது. கையில் கொஞ்சம் காசும் நேரமும் உள்ளவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கே போகலாம். பிரித்துப் போட்ட செட்டிநாட்டு வீடுகளின் கதவு, தூண், எனாமல் பாத்திரம் என்று தெருவே ஒரு வீட்டின் உட்புறம் போல விரிந்து கிடக்கும்.

எங்கே போனாலும் கடைக்காரர் முதலில் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "சார், இது அசல் பர்மா தேக்கு." நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் நடத்தியதும், கப்பலில் தேக்கு கொண்டுவந்து வீடு கட்டியதும், 1942-ல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பலர் சொத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பியதும் வரலாறு. ஆனால் பர்மா தேக்கு என்று இன்றுவரை விற்றதையெல்லாம் ஓரிடத்தில் குவித்தால், அந்த நாட்டில் நிழலுக்குக்கூட ஒரு மரம் மிஞ்சியிருக்காது. கடைக்காரர் சொன்னதும் நீங்கள் தலையை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். விரலை மடக்கிப் பலகையை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். சத்தத்தில் உங்களுக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. ஆனாலும் தட்ட வேண்டும், அது மரபு.

உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அங்கே பாலிஷ் எட்டியிருக்காது. மரம் பொய் சொல்ல முடியாத இடம் அது. பலகையின் மேல் ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் முழு மரம். விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். ஆறிப்போன ரவை உப்புமாவை அழுத்தி வெட்டியது மாதிரி இருந்தால் பார்ட்டிகிள் போர்டு; அது தண்ணீர் பட்டு ஒருமுறை உப்பிவிட்டால் விசுவகர்மாவே வந்தாலும் இறங்காது. மண் கோடு தெரிந்தால் கரையான். அடியில் மாவு மாதிரி பொடி கொட்டியிருந்தால் வண்டு. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியை இவை எளிதில் தொடுவதில்லை. ஓரத்து வெளிறுதான் அவற்றுக்கு விருந்து. ஆகவே உங்கள் அசல் பர்மா தேக்கில் நடுப்பலகையிலேயே ஓட்டை இருந்தால் அதன் பூர்வீகத்தைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்காமல் இருப்பது மனநிம்மதிக்கு நல்லது.

படி 2: வீடு கொண்டுவந்து சேர்த்தல்

பேரம் பேசி ஐந்நூறு ரூபாய் குறைத்த பெருமிதத்தோடு வெளியே வந்தால் குட்டி யானைக்காரர் நிற்பார். குறைத்த ஐந்நூறை அவரிடம் கொடுத்து, மேலே இன்னும் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கும். ஏற்றுகூலி, இறக்குகூலி தனி. "மாடின்னு சொல்லலியே சார்" என்பதற்கான கூலி அதற்கும் தனி.

வாங்குமுன் உங்கள் வீட்டு வாசற்காலையும் லிஃப்டையும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு கட்சி. அளந்தால் எதையுமே வாங்க முடியாது என்பது இன்னொரு கட்சி. இந்தக் கையேடு இரண்டாவது கட்சி. அளக்காமல் வாங்கிய அலமாரி, அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும்போது அக்கம்பக்கத்தாரோடு உங்களுக்கு ஏற்படும் பழக்கம் வேறு எந்த வகையிலும் ஏற்படாது. சங்கச் செயலாளர் உங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வருவார்.

வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் வரவேற்பு இப்படி அமையும். மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுற்றி வந்து பார்ப்பார். "ஏம்மா, இதே மாதிரி ஒண்ணு எங்க வீட்டுப் பரண்ல கெடந்துச்சு. போன வருஷம்தான் போகிக்குப் போட்டோம்" என்பார். இதற்குப் பதில் சொல்லக் கூடாது. சொன்னால், அதை அப்போதே கேட்டிருந்தால் கொடுத்திருக்கலாமே என்ற அடுத்த வாக்கியம் தயாராக இருக்கும்.

மெத்தை தைத்த சோபா அல்லது நாடாக் கட்டில் வாங்கியிருந்தால் உள்ளே கொண்டுவருமுன் தையல் மடிப்புகளையும் மூட்டு இடுக்குகளையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கறுப்பு மைப்புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. பல மாதம் பட்டினி கிடந்தும் உயிரோடிருக்கும் ஜீவன் அது. நீங்கள் வரும்வரை காத்திருந்ததில் அதற்குச் சிரமமே இல்லை. அந்தக் காலத்தில் கட்டிலை முற்றத்தில் சாய்த்து, தடியால் தட்டி, இடுக்குகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவார்கள். ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு பட்டால் பூச்சியும் முட்டையும் சாகும் என்பதால் அந்த வைத்தியத்தில் விஷயம் இருந்தது. அதே வைத்தியத்தை மெத்தை சோபாவுக்குச் செய்தால் பூச்சியும் போகும், சோபாவும் போகும்.

படி 3: கருவிகள்

தேவையானவை: உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, ரம்பம், திருப்புளி, உப்புத்தாள், முகக்கவசம். வாங்கப்போகிறவை: மின்சாரத் துளைக்கருவி, மின்சாரத் தேய்ப்பான், நாற்பது முனைகள் கொண்ட ஸ்க்ரூடிரைவர் பெட்டி, தோல் பை. அந்த நாற்பது முனைகளில் உங்களுக்கு வேண்டிய ஒன்று இருக்காது.

இந்தக் கருவிகளை எப்போது பயன்படுத்துவது என்ற கவலை வேண்டாம். ஆயுத பூஜை வரும். சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலையோடு படைக்கும்போது தோல் பை மிகவும் எடுப்பாக இருக்கும்.

படி 4: பழைய பெயிண்டை எடுத்தல்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் உற்சாகம் கரைபுரள நாற்காலியின் கதையை முடிக்கிறார்கள். முறை இதுதான்: எண் குறைந்த, சொரசொரப்பான உப்புத்தாளாகப் பார்த்து எடுங்கள். ரேகைக்குக் குறுக்கே வட்டவட்டமாகத் தேயுங்கள். ஆயிரம் மைல் கடல் தாண்டி வந்து, மூன்று தலைமுறை உட்கார்ந்து, கை பட்டுப் பட்டு ஏறிய மெருகை ஒரு மத்தியான வேளைக்குள் வழித்து எடுத்துவிடலாம். அடியில் வெள்ளையாக, கீறல் கீறலாக ஒரு மரம் தெரியும். அதைப் புதுசு என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிச் செய்ய மனம் வராத கோழைகளுக்கு வேறு வழி உண்டு. முதலில் ஈரத்துணியில் துளி சோப்பு தொட்டுத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். கறுத்துக் கிடப்பது முக்கால்வாசி எண்ணெய்ப்பிசுக்கும் அழுக்கும்தான். பாதி நாற்காலிகளுக்கு இதற்கு மேல் வைத்தியமே வேண்டியிருக்காது. பிறகு கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பார்க்கலாம். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அதைச் சுரண்டவே வேண்டாம். அதன் மேலேயே புதிய அரக்கு போட்டால் பழையதோடு கரைந்து சேர்ந்துகொள்ளும். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் 120, 180, 220 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போய், ரேகை ஓடும் வாக்கிலேயே தேய்க்க வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. இதில் கேலி கிடையாது. பழைய பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல் பெயிண்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியதை உலரத் தேய்த்தால் கிளம்பும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்கக்கூடிய உப்புத்தாள் வாங்குங்கள், முகக்கவசம் போடுங்கள், விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் கிட்டே விடாதீர்கள்.

படி 5: ஆடும் மூட்டைச் சரிசெய்தல்

நாற்காலி ஆடினால் பக்கவாட்டில் நாலு அங்குல ஆணி ஒன்றை அறையவும். ஆட்டம் நிற்கும். அடுத்த மாதம் மரம் பிளக்கும். பிளவில் இன்னொரு ஆணி. இப்படியே போனால் கடைசியில் இரும்புக்கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.

பழைய ஆசாரிகள் நாற்காலி மூட்டில் ஆணியே அடித்ததில்லை. காலில் துளை போட்டு, சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி நுழைத்து, வஜ்ரம் காய்ச்சி ஒட்டுவார்கள். மாட்டுத்தோல், எலும்பிலிருந்து எடுத்த பசை அது. நாற்றம் தெருக்கோடிவரை போகும். ஆனால் ஒரு நற்குணம் உண்டு: சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். மூட்டைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி ஒட்டலாம். 1959-ல் பெவிகால் வந்த பிறகு காய்ச்சும் வேலை போனது. வஜ்ரச் சட்டியும் மெல்ல மறைந்தது.

உங்கள் நாற்காலி ஆடுகிறது என்றால் அநேகமாக அந்தப் பழைய வஜ்ரம் காய்ந்து உதிர்ந்திருக்கிறது. மூட்டை மெதுவாகப் பிரித்து, வெந்நீர்த் துணியால் பழைய பசையை மிச்சமில்லாமல் துடைத்து, காயவிட்டு, பிறகு பெவிகால் வைக்க வேண்டும். பழைய பசைக்கு மேல் புதுப்பசை பிடிக்காது. இறுக்கிப் பிடிக்க விலையுயர்ந்த கிளாம்ப் தேவையில்லை. நான்கு கால்களையும் சுற்றிக் கயிற்றை இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். முறுக்க முறுக்க மூட்டுகள் உள்ளே போவதும், இடுக்கிலிருந்து பசை வெள்ளை மணியாகப் பிதுங்குவதும் கண்ணுக்கு முன்னால் தெரியும். அந்த மணியை உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காய்ந்தால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாது. குச்சியை ஒரு சட்டத்தில் மாட்டிவிட்டு மறுநாள்வரை தொடாதீர்கள். யாரையும் உட்காரவும் விடாதீர்கள். வீட்டில் வேறு பத்து நாற்காலிகள் காலியாக இருந்தாலும் வருகிறவர்கள் இதில்தான் உட்காருவார்கள்.

படி 6: மெருகு

பழைய மேஜைகளின் பளபளப்பு பெரும்பாலும் ஒரு பூச்சியின் தயவு. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து செதிலாக்கி, அந்தச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைப்பது பிரெஞ்சு பாலிஷ். பஞ்சை உள்ளே வைத்துத் துணியால் கட்டிய உருண்டையில் அதைத் தொட்டு, லேசாக, நிற்காமல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். கை ஒரு நொடி நின்றால் துணி ஒட்டிக்கொண்டு அங்கேயே ஒரு வடு விழும். போனிலிருந்து அழைப்பு வருவது எப்போதும் அந்த நொடியில்தான்.

பாலிஷ் போடச் சிறந்த பருவம், காணொளி பார்க்கிறவர்களுக்கு, ஐப்பசி அடைமழை. வெளியே போக முடியாது, வீட்டில் சும்மா இருக்கிறோம் என்று ஆரம்பிப்பார்கள். காற்றின் ஈரம் பாலிஷில் இறங்கி மேஜை முழுவதும் பால் தெளித்த மாதிரி வெளுக்கும். ஆசாரியைக் கேட்டால் "தை பொறக்கட்டும் தம்பி" என்பார். அவரை யாரும் கேட்பதில்லை.

அரக்கு வேண்டாம், எண்ணெய் போதும் என்று லின்சீட் எண்ணெய் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் காயும்போது வெப்பம் வெளியாகும். சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

படி 7: உட்காரும் இடம்

பிரம்பு நாற்காலியின் பின்னல் அறுந்திருந்தால் அதன் மேல் ஒரு பிளைவுட் பலகையை வைத்து, பலகையின் மேல் தலையணை போட்டு விஷயத்தை மூடிவிடுவது நாட்டுவழக்கம். பின்னல் ஒரு கலை. பார்வையற்றவர்கள் பலர் அதைத் தொழிலாகக் கற்று, அரசு அலுவலக நாற்காலிகளை விரலாலேயே எண்ணிப் பின்னித் தந்தார்கள். பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, முன்பின்னாக, குறுக்காக, மறுபடி முன்பின்னாக, மறுபடி குறுக்காக, பிறகு இரண்டு கோணல் வாக்கிலும் ஓட்டினால் எட்டு மூலைக் கண்கள் பிறக்கும். ஈரத்தில் தொய்வாகத் தெரிவது காயக் காயத் தானே இறுகும். உலர்ந்த பிரம்பில் பின்னினால் பாதியில் ஒடியும். முதல் நாலு ஓட்டம் முடியும்வரை எல்லோருமே கலைஞர்கள். கோணல் ஓட்டம் ஆரம்பித்ததும் பாதிப்பேர் பிளைவுட் கடைக்குப் போய்விடுவார்கள்.

அவர்களுக்கும் ஒரு வழி நம் வீடுகளிலேயே இருக்கிறது. ஒயர் கூடை பின்னத் தெரிந்த அத்தையோ பெரியம்மாவோ இல்லாத குடும்பம் உண்டா? சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுப் பெயர்களை அடுக்குகிற அந்தக் கைகளுக்கு ஒரு நாற்காலிச் சட்டமும் நாலு கட்டு ஒயரும் கொடுத்துப் பாருங்கள். காணொளி பார்க்காமலே முடித்துத் தருவார்கள். கூலி கேட்க மாட்டார்கள் என்பதற்காகச் சும்மா வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

படி 8: ஒன்றை இன்னொன்றாக்குதல்

நாற்காலியை நாற்காலியாகவே விட்டுவைத்தால் படைப்பாற்றல் என்ன ஆவது? சிங்கர் தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் காலைக் கழற்றி மேலே கிரானைட் பலகை போடலாம். ஏணியைச் சாய்த்துப் புத்தக அடுக்கு ஆக்கலாம். உருளியில் தண்ணீர் ஊற்றிச் செவ்வந்தியை மிதக்கவிடலாம். ஆட்டுக்கல்லின் குழியில் கற்றாழை வைக்கலாம். மாவுக்கு மட்டும் பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம்.

செய்யுமுன் ஒரு கேள்வி: அந்த மெஷின் இன்னும் தைக்கிறதா? பழைய மிதி மெஷினுக்கு ஒரு வாரும் கொஞ்சம் எண்ணெயும் இருந்தால் போதும், மின்சாரம் இல்லாத நாளிலும் ஓடும். தைக்கிற மெஷினை மேஜையாக்குவது புதுவாழ்வு அல்ல, கட்டாய ஓய்வு. அம்மாவின் பட்டுப்புடவையைத் திண்டு உறையாக வெட்டுவதற்கும் இதே கேள்விதான். அசல் சரிகையில் வெள்ளி இழை உண்டு. பழைய பட்டு வாங்க வருகிறவர் அந்த வெள்ளிக்காகத்தான் வருகிறார். கத்தரிக்கோலை எடுக்குமுன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

வாசகர் சந்தேகங்கள்

*எங்கள் வீட்டு கோத்ரெஜ் பீரோவை மரம் மாதிரி பெயிண்ட் அடிக்கலாமா?*
அந்தக் கம்பெனி இரும்பு பீரோ விற்கத் தொடங்கியது 1923-ல். அன்றிலிருந்து எந்தப் பட்டறையில் செய்த பீரோவுக்கும் நாம் அதே பெயரைத்தான் சொல்கிறோம். இரும்பு இரும்பாகவே இருந்து இவ்வளவு காலம் மரியாதை சம்பாதித்திருக்கிறது. துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, பழைய நிறத்தையே அடியுங்கள்.

*வண்டு அரித்த காலை என்ன செய்வது?*
ஓட்டைகளில் மருந்தை ஊசியால் ஏற்றி, பாலித்தீன் தாளால் சுற்றிச் சில நாள் வைக்க வேண்டும். விரலால் அழுத்தி உள்ளே போனால் அந்தக் காலை மாற்றத்தான் வேண்டும். லப்பம் வைத்து மூடிப் பெயிண்ட் அடித்தால் வெளியே அழகாக இருக்கும், பாரம் தாங்காது. இதைத்தான் பலர் "வின்டேஜ்" என்று விற்கிறார்கள்.

*எவ்வளவு நாளில் முடியும்?*
"நவராத்திரிக்குள்" என்று வீட்டில் சொல்லிவைக்கவும். எந்த வருஷத்து நவராத்திரி என்று சொல்ல வேண்டாம்.

*இவ்வளவுக்கும் புதுசாகவே ஒன்று வாங்கியிருக்கலாமே?*
வாங்கியிருக்கலாம். சாமான் விலை, வண்டிக்கூலி, கருவி, உப்புத்தாள், பாலிஷ், கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் திருத்தியதற்கான கூலி என்று கூட்டினால், ஆடித் தள்ளுபடியில் புதிய நாற்காலிகள் இரண்டு வந்திருக்கும். ஆனால் அந்த இரண்டும் கால் ஒடிந்தால் குப்பைக்குப் போகும். பிரித்துச் சேர்க்கும்படி அவற்றில் மூட்டே கிடையாது. பிரித்து மறுபடி சேர்க்க முடியும் என்பதுதான் பழைய மரச்சாமானின் மதிப்பு. பர்மாவிலிருந்து வந்ததா பரமக்குடியிலிருந்து வந்ததா என்பது இரண்டாம்பட்சம்.

ஆகவே வாங்குங்கள். துடையுங்கள், மூட்டை இறுக்குங்கள், அதற்கு மேல் கை பரபரத்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தெரியாத வேலைக்கு ஆசாரியைக் கூப்பிட்டு, பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைக் கவனியுங்கள், காணொளியில் வெட்டிய காட்சிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. முக்கியமாக, கையில் இருக்கும் ஒன்றை முடித்து அதில் உட்காரும்வரை அடுத்ததை வாங்காதீர்கள்.